வால் அழுகலும் ஆறு வாளித் தண்ணீரும்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நிலையத்தில் மீன்காட்சிக் கூடத்தைப் புதுப்பிக்கிறார்களாம். இரும்புச் சட்டமும் மக்குப் பூச்சும் போய் முழுக் கண்ணாடித் தொட்டிகள் வருகின்றன. அதை ஒட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அதற்குக் கட்டுரை கேட்டு என் வீட்டுக்கு வந்த இரண்டு பேரும், துடுப்பு அழுகல் நோய்க்கு அந்தக் காலத்தில் என்ன மருந்து போட்டீர்கள் என்று எழுதினால் போதும் என்றார்கள். அவர்களிடம் இப்போது அலமாரி நிறைய நீல மருந்தும் மஞ்சள் மருந்தும் இருக்கின்றன. சீசாவின் மேலேயே எத்தனை சொட்டு என்று அச்சடித்திருக்கிறது. நான் முப்பத்தோரு வருஷம் மீன் வளர்த்தவன். மருந்தைப் பற்றி எழுத எனக்கு அரைப் பக்கம் போதும். மீதியில் வேறொன்றை எழுதுகிறேன். வேண்டாம் என்றால் மலர்க்குழு தாராளமாகக் கிழித்துக்கொள்ளலாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது வேலையில் சேர்ந்தேன். அதற்கு முன் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கருப்பட்டி மண்டி, பலசரக்குக் கடை என்று ஏதாவது ஒரு வியாபாரத்தில் இருந்தார்கள். நான் மீன் தொட்டிக்குக் காவலாளாகப் போவதை என் அப்பாவால் ஜீரணிக்க முடியவில்லை. "மீனப் பிடிக்கவன் உண்டு, விக்கவன் உண்டு, திங்கவன் உண்டு. மீனுக்குச் சோறு போட்டுச் சம்பளம் வாங்குதவன இப்பத்தாம்ல பாக்கேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடியில் பாசி சுரண்டினேன். மீன்கள் தின்னாமல் விட்ட சதைத் துணுக்குகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். முள் குத்தி விரல் வீங்கி, அடுத்த தடவை குத்தாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

நிலையம் கடற்கரைக்கு அருகில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் இருந்தது. முன்பகுதியில் ஒன்பது தொட்டிகள் உள்ள காட்சிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சனம் வந்து பார்க்கும். பின்பகுதியில் பொதுமக்கள் பார்க்காத ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில்தான் முத்துச்சிப்பிகள் வளர்ந்தன. முத்துக் குளிப்பு நடந்து அப்போது பல வருஷம் ஆகிவிட்டது. கடலுக்கடியில் சிப்பி விளைகிற பார்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் மண்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். சிப்பிக் குஞ்சைக் கரையில் வளர்த்துக் கடலில் கொண்டுபோய் விதைக்க முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் நிலையமே இருந்தது. மீன்கள் எல்லாம் ஊர்ச் சனத்துக்கு வேடிக்கை காட்டுவதற்கு.

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரிய பாடு. துறைமுகத்துக்குள் இருக்கும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். கப்பலின் அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் செம்புச் சாயமும் அதில் கரைந்திருக்கும். ஆகவே முயல் தீவுக்கு அப்பால் போய் நல்ல தண்ணீரைப் பீப்பாயில் மொண்டு வர வேண்டும். அந்த வேலையைத் தொம்மை அண்ணாச்சி செய்தார். ஐம்பது வயதுக்காரர். வாலிபத்தில் சங்கு குளித்தவர். சொந்த வள்ளம் வைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு நடை. அவர் கொண்டுவரும் தண்ணீரை மணல் தொட்டியில் ஊற்றுவோம். மணலிலும் கரியிலும் வடிந்து, பாய் போட்டு மூடிய இருட்டுத் தொட்டியில் இறங்கும். அங்கிருந்து ஒரு குழாய் மீன்களுக்கும் ஒரு குழாய் சிப்பிகளுக்கும் போகும். அழுக்கான தண்ணீரைக்கூட நாங்கள் சட்டென்று கொட்டிவிட மாட்டோம். மறுபடியும் மணலில் வடித்து, தெளிந்தால் சேர்த்துக்கொள்வோம். குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் எங்களுக்கு அந்தப் புத்தி இயற்கையாகவே இருந்தது.

நிலையப் பொறுப்பாளர் மாசிலாமணி சார் பாளையங்கோட்டைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். அதிர்ந்து பேச மாட்டார். காலையில் வந்ததும் சட்டைக் கையை மடக்கி, ஒவ்வொரு தொட்டியிலும் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு அளக்கும் கண்ணாடிக் கருவி மேசைமேல் இருந்தது. அதையும் போட்டுப் பார்ப்பார். ஆனால் முதலில் நாக்கு. தொம்மை அண்ணாச்சி பீப்பாயை இறக்கியதும் அதே சுண்டுவிரல். "இன்னைக்குத் தீவுக்கு வடக்கால மோந்தீங்களோ?" என்று கேட்பார். அவர் ஆமாம் என்று சொல்வார். இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம். தப்புச் செய்தவனை மீன்களுக்கு முன்னால் திட்டக் கூடாது என்று சாருக்கு ஒரு விதி இருந்தது. பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போய் அங்கே கேட்பார். கேட்டதை நோட்டில் எழுதுவார். திட்டுக்கு அல்ல, அந்த நோட்டுக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

நோயைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வாலின் ஓரத்தில் பால் தடவியதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு நாளில் அந்த ஓரம் பிய்ந்த ஓலை விசிறி போல ஆகும். நரம்புகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்க, இடையில் உள்ள சவ்வு கரைந்து போகும். கரைவது அடிவால் வரை வந்துவிட்டால் மீனை எடுத்துவிட வேண்டியதுதான். செத்துவிட்டது என்ற சொல்லைச் சார் பயன்படுத்த மாட்டார். எடுத்தாயிற்று என்பார். தொம்மை அண்ணாச்சி இந்த நோயை "வாலரிப்பு" என்பார்.

எங்கள் வைத்தியம் இதுதான். நோயுள்ள மீனை வலையில் பிடிக்கக் கூடாது. வலை முடிச்சு கிழிந்த துடுப்பை இன்னும் கிழிக்கும். பழைய மல் வேட்டியை நனைத்து, அதைத் தொட்டில் போலத் தாழ்த்தி, மீனை அதற்குள் வரவிட்டுத் தூக்க வேண்டும். ஈரத் துணிமேல் கிடத்தி, துணி நுனியால் மீனின் கண்ணை மூடி, கரைந்த ஓரத்தைச் சின்னக் கத்தரியால் நேராக வெட்டுவோம். வெட்டின இடத்தில் பஞ்சால் பர்மாங்கனேட் தொட்டு வைப்போம். பத்து எண்ணுவதற்குள் மீன் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். பிறகு தனித்தொட்டி. தகர வாளி கூடவே கூடாது, மரவாளிதான். வருமுன் காப்பது என்றால் அதைவிட எளிது. புதிதாக வரும் மீனைப் பதினைந்து நாள் தனியாக வைக்க வேண்டும். நெருக்கி வளர்க்கக் கூடாது. போட்ட இரையில் மீந்ததைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மலர்க்குழு கேட்ட அரைப் பக்கம் இத்தோடு முடிந்தது.

இடையில் ஒரு வெளி வைத்தியமும் பார்த்தேன். காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் கொழும்பிலிருந்து இரண்டு தங்க மீன்களைப் பிஸ்கட் ஜாடியில் கொண்டுவந்திருந்தார். வால் அழுகுகிறது என்று ஜாடியை மடியில் வைத்து வில்வண்டியில் நிலையத்துக்கே வந்துவிட்டார். தண்ணீர் கஞ்சி போல இருந்தது. என்ன இரை போடுகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் இடியாப்பம், கடற்பாசி, பெருநாளைக்கு வட்டிலாப்பம் என்று எல்லாவற்றிலும் அவற்றுக்கு ஒரு பங்கு உண்டு என்றார். மூன்று நாள் ஒன்றும் போடாதீர்கள், நல்ல கிணற்றுத் தண்ணீரை வெயிலில் வைத்துப் பாதி பாதியாக மாற்றுங்கள், ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள் என்று சொன்னேன். "அப்போ மீனு நோம்பு புடிக்கணும்ங்கிறீக" என்று ரொம்ப வருத்தத்தோடு எழுந்துபோனார். இரண்டு மாதம் கழித்து ஆள் மூலம் ஒரு தட்டு தொதல் அல்வா வந்தது. மீன்களுக்கு வால் வளர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

இனி அந்தக் கடினமான கதை. யுத்தம் முடிந்த மறு வருஷத்து மழைக்காலம். மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் மாசக் கடைசியில் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. சிப்பி வேலையைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்பதை அவர் நேரில் பார்த்து முடிவு செய்வார். மாசிலாமணி சார் பஞ்சு போல மிதக்கும் குஞ்சிலிருந்து மூன்று வருஷமாக வளர்த்துக்கொண்டுவந்த சிப்பிகள் சுட்ட ஓடுகளின்மேல் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் பெருவிரல் அளவு. காலையில் அவர் பென்சிலால் ஓட்டின் விளிம்பைத் தட்டுவார். திறந்திருந்த சிப்பிகள் எல்லாம் பட்டென்று மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மேசைக்குப் போய் உட்காருவார்.

அந்த வருஷம் வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. தொம்மை அண்ணாச்சியின் வள்ளம் ஒன்பது நாள் கரையை விட்டு நகரவில்லை. பழைய தண்ணீரையே வடித்து வடித்து ஓட்டினோம். ஐந்தாம் நாள் வண்ணாத்தி மீன்களின் வாலில் வெள்ளைக் கோடு கண்டேன். மஞ்சளும் கறுப்புமாகத் தட்டையாக இருக்கும் அழகான மீன் அது, பிள்ளைகள் முதலில் ஓடிவந்து நிற்பது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான். ஏழாம் நாள் ஓரா மீன்களுக்கு வந்தது. பிறகு பெரிய களவாவுக்கு. ஒன்பது தொட்டியில் ஆறு தொட்டி நோய். பர்மாங்கனேட் தீர்ந்து மாதக்கணக்காகி இருந்தது. யுத்தம் முடிந்தும் சரக்கு வரவில்லை. வருகிற அதிகாரி முதலில் நுழைவது முன்கூடத்தில். அழுகின வாலைப் பார்த்துவிட்டு வருகிறவர் சிப்பித் தொட்டியை என்ன மனசோடு பார்ப்பார் என்று சார் கவலைப்பட்டார்.

ஒரு பழைய இதழில் படித்து, மயில்துத்தம் போட்டுப் பார்க்கலாம் என்று அவர்தான் முடிவு செய்தார். அது செம்பு உப்பு. நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. தட்டாரிடம் சின்னத் தராசை இரவல் வாங்கி நிறுத்து, காய்ச்சிய தண்ணீரில் கரைத்துப் பழுப்புச் சீசாவில் வைத்துக்கொண்டார். நோய்ப்பட்ட மீன்களைச் சரிபாதியாகப் பிரித்தார். ஒரு பாதி மருந்துத் தொட்டியில். மறுபாதி மருந்தில்லாத வெறும் கடல் தண்ணீர்த் தொட்டியில். இரண்டுக்கும் குழாயை அடைத்துவிட்டு, தினமும் பீப்பாயிலிருந்தே நேராக இரண்டிரண்டு வாளி மாற்ற வேண்டும். பாதி மீனை மருந்தில்லாமல் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இருக்கிற மருந்தை எல்லாவற்றுக்கும் போட்டால் என்ன என்று முணுமுணுத்தேன். "போட்டா குணமானது எதனாலன்னு எப்பிடித் தெரியும்?" என்றார். எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. குணமானால் போதும் என்று நினைத்தேன்.

மருந்துத் தொட்டியின் வாளிக்குச் சிவப்புத் துணி கட்டினார். அந்தத் தண்ணீர் கட்டடத்துக்குள் எங்கேயும் சிந்தக் கூடாது, உப்பள ஓடைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட வேண்டும் என்றார். மயில்துத்தம் மீனுக்கு மருந்து, சிப்பிக்கு விஷம். இதை அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

முதல் நான்கு நாள் ஒழுங்காக ஓடைக்கு நடந்தேன். போகவர அரை மைல், சேறு, மழை. கடல் சற்றுத் தணிந்திருந்ததால் தொம்மை அண்ணாச்சி உயிரைப் பணயம் வைத்து நடைக்கு இரண்டு மூன்று பீப்பாய் கொண்டுவந்துகொண்டிருந்தார். அதில் பெரும்பகுதி இந்த இரண்டு தொட்டிகளுக்கே போயிற்று. சிப்பித் தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கி, மேல்வரிசை ஓடுகள் காற்றில் தெரிந்தன. ஐந்தாம் நாள் நான் வாளியோடு வாசலைத் தாண்டும்போது அவர் எதிரே வந்தார். துடுப்புப் போட்டு உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. வாளியை எட்டிப் பார்த்தார். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர்.

"ஏலே ஆறுமுகம், இத எங்கன கொண்டு போற?"

ஓடைக்கு என்றேன்.

"நான் ரத்தம் கக்கிக் கொண்டாந்த தண்ணிய ஓடையில ஊத்துதியோ? அங்கன சிப்பி வெளிய கெடந்து காயுதுல்லா?"

மருந்து போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் விலகிப் போயிருப்பார். எனக்கு அவர் கையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சேற்றில் நடக்கவும் மனமில்லை. மருந்து சொட்டுக் கணக்கில் போட்டதுதானே, அத்தனை மணலிலும் கரியிலும் வடிந்தால் என்ன மிஞ்சப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து இரண்டு வாளியையும் மணல் தொட்டியில் ஊற்றினேன். மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. சிப்பித் தொட்டியின் மட்டம் கொஞ்சம் ஏறியது. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எட்டாம் நாள் காலை சார் பென்சிலால் தட்டினார். சத்தம் வரவில்லை. இன்னொரு ஓட்டைத் தட்டினார். நான்கைந்து சிப்பிகள் மட்டும் மெதுவாக மூடின. மற்றவை வாயைத் திறந்தபடி இருந்தன. சிப்பி ஒரு நாரால் ஓட்டைப் பற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பிடி விட்டு, பல சிப்பிகள் தொட்டியின் அடியில் கிடந்தன. மூன்றே நாளில் முக்கால்வாசி போயிற்று. சார் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பினார். எடுத்தாயிற்று என்று அவர் சொல்லவில்லை. செத்துப்போச்சு என்றார்.

மழைத் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்திருக்குமோ என்று அளந்து பார்த்தார். குறையவில்லை. முன்கூடத்துக்கு வந்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். மீன்கள் எல்லாம் நன்றாக இருந்தன. கடைசித் தொட்டியில் கடல் தாமரை என்கிற பூப்போன்ற பிராணி சுருங்கிக் கிடந்தது, சங்குப் பூச்சிகள் கூட்டை விட்டு வெளியே வந்து செத்திருந்தன. நெடுநேரம் அங்கேயே நின்றார். முதுகெலும்பு உள்ளது பிழைத்திருக்கிறது, இல்லாதது சாகிறது, ஆகவே இது தண்ணீரில் வந்த செம்பு என்று சொன்னார். ஓடைக்குத்தானே ஊற்றினாய் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய சந்தேகம் போன இடம் வேறு. அந்த வாரம் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு அடியைச் சுரண்டிச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். அலைக்குப் பயந்து தொம்மை அண்ணாச்சி தீவைத் தாண்டாமல் கப்பலுக்குப் பக்கத்திலேயே மொண்டு வந்திருப்பார் என்று சார் முடிவுகட்டினார். ஒன்பது நாள் வாடைக்குப் பிறகு யாருக்கும் அப்படித் தோன்றத்தான் செய்யும். அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மாதாமேல சத்தியமாச் சொல்லுதேன் சார். தீவுக்கு அங்கிட்டுப் போய்த்தான் மோந்தேன்."

சார் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். விசாரணை முடியும்வரை தண்ணீர் கொண்டுவர வேண்டாம் என்றார். வேறு வள்ளத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி ஒரு கடிதமும் எழுதி மேசைமேல் வைத்தார்.

மறுநாள் காலை வேலைக்கு வரும்போது கரையில் தொம்மை அண்ணாச்சி நிலையத்துப் பீப்பாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் தேய்த்து, முகர்ந்து பார்த்து, அடுக்கினார். பீப்பாயைத் திருப்பிக் கொடுக்கும்போது குறை வரக் கூடாது என்றார். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். "கூலி போனாப் போவுது தம்பி. எட்டு வருசமா எந் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்த மனுசன். அவரு நம்பலியே."

அந்த இடத்திலிருந்து நிலையத்துக்கு இருநூறு அடி இருக்கும். அவ்வளவு தூரம் நடப்பதற்குள் மூன்று தடவை திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். வேலை போய்விடும். அப்பா கடையில் உட்கார்ந்து இன்னும் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார். சார் இருட்டுத் தொட்டியின் பாயை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்துக்கு வாங்க சார் என்று நான்தான் அவரைக் கூப்பிட்டேன்.

"மருந்துத் தண்ணிய நாந்தான் சார் மணல் தொட்டியில ஊத்துனேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"எத்தனை வாளி?"

ஆறு என்றேன். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக ஊற்றினாய் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். குடையை எடுத்துக்கொண்டு தூறலில் தானே கரைக்கு நடந்துபோனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பீப்பாய் வந்தது. தொம்மை அண்ணாச்சி அதற்குப் பிறகும் பல வருஷம் தண்ணீர் கொண்டுவந்தார். ஆனால் என்னை ஏலே என்றோ ஆறுமுகம் என்றோ ஒருநாளும் கூப்பிடவில்லை. சார் என்றுதான் கூப்பிட்டார். திட்டியிருக்கலாம், நாலு அடிகூடப் போட்டிருக்கலாம்.

சிப்பிகளில் கடைசியாகத் தப்பித்தது ஒரு கைப்பிடிதான். அதுவும் ஓட்டைப் பற்றவில்லை. மீன் வைத்தியம் மட்டும் நிற்காமல் நடந்தது. பன்னிரண்டாம் நாள் சார் இரண்டு தொட்டி மீன்களையும் துணியில் ஏந்தி, ஒவ்வொன்றின் வாலையும் கவராயத்தால் அளந்தார். நான் அளவுகளை எழுதினேன். மருந்துத் தொட்டி மீன்களுக்கு நரம்புகளுக்கு நடுவே புதுச் சவ்வு கண்ணாடித் தாள் போல வளர்ந்திருந்தது. வெள்ளைக் கோடு இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு மருந்தில்லாத தொட்டி. அங்கேயும் புதுச் சவ்வு. அங்கேயும் வெள்ளைக் கோடு இல்லை. இரண்டு பத்தி எண்களையும் சார் விரலால் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"மருந்து ஒண்ணும் செய்யல" என்றார். "தினம் ரெண்டு வாளி நல்ல தண்ணி மாத்துனோம்லா. அதான் குணமாக்கியிருக்கு."

அந்த நல்ல தண்ணீர் தொம்மை அண்ணாச்சி கை உரியக் கொண்டுவந்தது. நான் மணலில் ஊற்றிச் சிப்பிகளைக் கொன்ற மயில்துத்தம் ஒரு மீனின் வாலையும் காப்பாற்றவில்லை. அது இல்லாமலே எல்லாம் நடந்திருக்கும். அவர் பாதி மீனை மருந்தில்லாமல் வைத்ததால்தான் எங்களுக்கு இது தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அறிக்கை தயாரானது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அறிக்கைகளைச் சுத்தப் பிரதி எடுப்பது என் பொறுப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு சார் நோட்டைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மீன் அளவுகள், வாளிகள், நாட்கள், மணி எல்லாம் நான் சொன்னபடியே இருந்தன. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சிப்பிகள் இறந்த காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி. நிலையப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் செம்பு கலந்த நீர் வடிதொட்டியில் சேர்ந்தது. ஊற்றியவன் பெயர் எங்கேயும் இல்லை. என் பேனா அங்கே நின்றது.

"சார், பொறுப்பாளர் நீங்கல்லா?"

"ஆமா. வேணுமா வேண்டாமான்னு தெரியுறதுக்கு முந்தி அந்த மருந்த இந்தக் கட்டடத்துக்குள்ள கொண்டாந்தது நாந்தான்" என்றார். "எழுதும் ஆறுமுகம்."

எழுதினேன். அதிகாரி வந்தார், மனைவியோடு. முன்கூடத்தில் வண்ணாத்தி மீன்களின் முழு வாலைப் பார்த்து அந்த அம்மாள் சந்தோஷப்பட்டார். இந்த மழையிலும் இப்படி வைத்திருக்கிறீர்களே, என்ன மருந்து என்று அதிகாரி கேட்டார். தண்ணீர் என்று மாசிலாமணி சார் சொன்னார். வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்து அவர் சிரித்தார். பின்பக்கம் போனபோது சிரிப்பு இல்லை. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. சிப்பி வேலை நிறுத்தம். மாசிலாமணி சார் கடலே இல்லாத ஒரு ஊருக்கு, குளத்து மீன்களைப் பார்க்கப் போனார். காட்சிக் கூடம் மட்டும் நீடிக்கும். மீன்களை நல்ல முறையில் பராமரித்ததற்காக ஆறுமுகம் என்பவருடைய வேலை நிரந்தரமாக்கப்பட்டது.

அந்தச் சுத்தப் பிரதியின் கடைசித் தாளில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. சார் கையெழுத்துப் போட்டுவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். பேனாவில் மை இருந்தது. தண்ணீரை ஊற்றியது நான் என்று எழுத ஒரு வரி போதும். நான் மையொற்றுத் தாளை வைத்து அழுத்தி, உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டேன்.